நேரம் காட்டாத மணிக்கூடு

அதை நாங்கள் மணிக்கூடு என்றுதான் சொல்லிக்கொண்டோம். கறுப்புப் பட்டி, நடுவில் தீப்பெட்டியில் பாதியளவு ஒரு கறுப்புக் கட்டி. முகப்பு இல்லை, முள் இல்லை, இலக்கம் இல்லை. கிளினிக்கில் அதை என் கணவரின் வலது மணிக்கட்டில் கட்டிய பிள்ளை, "ஐயா, இது நேரம் காட்டாது. உங்கடை கையைத்தான் பாக்கும்," என்றாள்.

"என்ரை கையிலை பாக்கிறதுக்கு என்ன கிடக்கு பிள்ளை," என்றார் அவர். அப்போதும் அந்தக் கை மேசையின்மேல் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

உரும்பிராய்ச் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் போட்ட கை அது. நடுக்கம் முதலில் பெருவிரலுக்கு வந்தது. சும்மா இருக்கும்போது பெருவிரலும் சுட்டுவிரலும் ஒன்றையொன்று உரசிக்கொண்டே இருக்கும், சுருட்டுச் சுற்றுகிறவரின் விரல்களைப்போல. "என்ன, சுருட்டுக் கொட்டில் திறக்கப் போறியளோ?" என்று நான் பகிடி பண்ணினேன். பிறகு அது மணிக்கட்டுக்கு ஏறியது, முழங்கைக்கு ஏறியது, நடையும் சுருங்கியது. நான் பகிடியை விட்டுவிட்டேன். பார்க்கின்சன் என்றார்கள், குளிசை தந்தார்கள். குளிசை போட்டுச் சற்று நேரத்தில் கை அடங்கும், கால் இலகுவாகும், மனிசன் தோட்டத்துக்குப் போய் மிளகாய்க்கு வாய்க்காலில் தண்ணீர் மாறிவிட்டு வருவார். சில வருடங்கள் அப்படி நன்றாகத்தான் போயிற்று. அதன் பிறகு ஒரு குளிசையின் வேலை அடுத்த குளிசை வரைக்கும் தாக்குப்பிடிக்காமல் போனது.

அப்போதுதான் கொழும்பிலிருந்து ஒரு பெரிய டொக்டர் தன் ஆட்களோடு கிளினிக்குக்கு வந்துபோகத் தொடங்கினார். மூளைக்குள் மெல்லிய கம்பி வைத்து நடுக்கத்தை அடக்கும் சத்திரசிகிச்சைக்கு ஆட்களைத் தெரிவு செய்தார்கள். எல்லோருக்கும் அதைச் செய்யமாட்டார்கள். குளிசைக்கு அடங்குகிற நடுக்கம்தான் கம்பிக்கும் அடங்குமாம். குளிசைக்கு அடங்காதவருக்கு மண்டையைத் துளைத்துப் பயனில்லை. ஆகவே என் கணவரின் கை குளிசைக்கு அடங்குகிறதா என்ற ஒரு கேள்விக்கு விடை வேண்டியிருந்தது. அந்த விடையில்தான் அவருடைய மிச்ச வாழ்க்கை தொங்கிக்கொண்டிருந்தது. என்னுடையதும்தான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

அவரையே கேட்டு அறியலாமே என்று யாராவது நினைக்கலாம். எங்கள் ஊர் ஆட்களிடம் கேட்டு ஒன்றையும் அறியமுடியாது. "எப்படி ஐயா, சுகமா?" என்று டொக்டர் கேட்பார். "பரவாயில்லை டொக்டர்," என்பார் இவர். காலையில் சேட்டுப் பொத்தானைப் பூட்டமுடியாமல் கண்கலங்கி நின்றவர் பத்து மணிக்கு டொக்டரிடம் பரவாயில்லை என்பார். பெரிய டொக்டரிடம் குறை சொல்வது மரியாதை இல்லை என்பது இவருடைய எண்ணம். கிளினிக் வாங்கில் வரிசையாக இருந்த கிழவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள், கோவில் மணிபோல ஒரே சத்தத்தில். அதனால்தான் மனிசரைக் கேட்காமல் கையைக் கேட்கிற ஒரு கருவி தேவைப்பட்டிருக்கிறது.

கருவி கட்டிய அந்தப் பிள்ளை நல்ல பொறுமைசாலி. நான் இளைப்பாறிய கணக்கு ரீச்சர் என்று தெரிந்ததும் கொஞ்சம் கூடுதலாகவே விளங்கப்படுத்தினாள். கருவிக்குள் அசைவை அளக்கிற ஒரு சின்னஞ்சிறு சிப் இருக்கிறது. கை எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாக அசைகிறது என்பதை அது விடாமல் பதிந்துகொண்டே இருக்கும்.

"தேங்காய் துருவினாலும் கை ஆடுந்தானே, அதையும் நடுக்கம் எண்டு எழுதிப்போடாதோ?" என்று கேட்டேன்.

"இல்லை ரீச்சர். நாங்கள் வேலை செய்யேக்கை கை ஒரு சீரா ஆடாது. நடுக்கத்துக்கு ஒரு தாளம் இருக்கு. மாறாத தாளம். அதை வைச்சுப் பிரிச்செடுக்கலாம்."

பிறகு என் கணவரைப் பார்த்துச் சொன்னாள். "ஐயா, குளிசை நேரத்துக்கு இது கையிலை கிறுகிறெண்டு அதிரும். குளிசையைப் போட்டிட்டு உங்கடை பெருவிரலை இதுக்கு மேலை ஒருக்கா வையுங்கோ. அப்பத்தான் நீங்கள் போட்டது இதுக்குத் தெரியும். மற்றபடி ஒண்டையும் மாத்த வேண்டாம். வழமையா என்ன செய்வியளோ அதைச் செய்யுங்கோ. குளிக்கேக்கையும் கழட்டவேண்டாம். வாற கிழமை நானே கழட்டுவன்."

"ஓம் பிள்ளை," என்றார் இவர். யாருக்கும் எதற்கும் ஓம் சொல்கிற மனிசன்.

அன்றைக்குத்தான் கந்தசஷ்டி தொடங்கியது. அந்தப் பிள்ளை நெற்றியில் திருநீற்றோடுதான் நின்றாள். விரதமும் கருவியும் ஒரே கிழமையில் விழுகிறதே என்று அவளுக்கும் புத்தியில் ஓடவில்லை. எனக்கு ஓடாததற்கு வேறு காரணம் இருக்கிறது.

நான் வேதக்காரி. கோப்பாயில் பிறந்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, அப்படியொரு பள்ளிக்கூடத்திலேயே படிப்பித்தவள். அவர் சைவம், வேலிக்கு வேலி சொந்தக்காரர் உள்ள சைவம். நாங்கள் விரும்பிக் கலியாணம் செய்தபோது இரண்டு பக்கத்து ஆட்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வீட்டுக்குள்ளாவது சண்டை வேண்டாம் என்று நாங்கள் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். ஞாயிற்றுக்கிழமை நான் போகுமிடத்தைப் பற்றி அவர் கேட்கமாட்டார். அவருடைய சாமி அறைக்குள் நான் போகமாட்டேன், அதில் நடப்பதைப் பற்றிக் கேட்கவும் மாட்டேன். குசினிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை, நீலக் கதவு. கலியாணம் முடித்த நாளிலிருந்து நான் அந்தப் படியை மிதித்ததில்லை. கூட்டுவதும் துடைப்பதும் விளக்கு வைப்பதும் எல்லாம் அவர்தான். இந்த உடன்பாட்டைப் பற்றி எனக்குப் பெரிய பெருமை. கலப்புக் கலியாணம் செய்து அடிபட்டுக்கொண்டு நின்ற எத்தனையோ சோடிகளுக்கு இதைப் புத்திமதியாகச் சொல்லியிருக்கிறேன். இனி ஒருவருக்கும் சொல்லமாட்டேன்.

வருடா வருடம் சஷ்டி வரும். ஆறு நாளும் பகலில் சாப்பிடமாட்டார், பின்னேரம் பாலும் பழமும் எடுப்பார். குளிசை தொடங்கிய பிறகும் அப்படித்தான், பாலோடு குளிசையையும் போட்டுக்கொள்வார். அந்த வருடம் முதல் நாள் பின்னேரம் நான் பாலைக் காய்ச்சிக் கொண்டுபோனபோது வேண்டாம் என்றார்.

"இந்தமுறை மிளகும் தண்ணியுந்தான்."

"உந்த உடம்போடையோ? விசரே உங்களுக்கு?"

"ஆறு நாள்தானே."

"குளிசை?"

"அதிலை குறை விடமாட்டன்."

அவர் சொன்னது இவ்வளவுதான். அந்த ஆறு நாளும் கருவி அதிர்ந்ததும் அவர் எழும்பி, மேசையிலிருந்த தகரப் பேணியைத் திறந்து, ஆடுகிற கையால் ஒரு குளிசையை எடுத்து, மற்றக் கையால் தண்ணீர்ச் செம்பைத் தூக்கிக்கொண்டு சாமி அறைக்குள் போவார். நீலக் கதவைச் சாத்துவார். கொஞ்ச நேரத்தில் வெளியே வருவார். விரத காலத்தில் மருந்தையும் சாமிக்கு முன்னால் நின்றுதான் விழுங்குவார்களாக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். கேட்கக்கூடாது என்பதுதானே உடன்பாடு.

கை அந்த நாட்களில் மோசமாகத்தான் ஆடியது. எழும்பி நிற்கவே பாடுபட்டார். பட்டினி ஆட்டுகிறது என்று நினைத்தேன். இன்னுமொன்றையும் சொல்லவேண்டும். அந்த நாட்களில் என் புத்தி முழுவதும் அவரிடத்தில் இருக்கவில்லை. என் இடது மார்பில் ஒரு கட்டி தெரிந்து, ஊசியால் குத்தி எடுத்து, சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். ரிப்போட்டுக்குக் காத்திருந்தேன். வந்தால் வரட்டும், வயது போன கட்டை என்று அவரிடம் சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பற்றி ஆரவாரம் செய்யவில்லை.

ஆறாம் நாள் சூரன் போருக்குத் தொண்டைமானாற்றுச் சன்னிதி முருகன் கோவிலுக்குத்தான் போகவேண்டும் என்று நின்றார். நின்றாரென்றால் நின்றதுதான். ஓட்டோ பிடித்துப் போனோம். நான் உள்வீதிக்குப் போகாமல் ஆற்றங்கரைப் பக்கமாக ஒரு மர நிழலில் நின்றேன். மழை விட்டுச் சேறாகக் கிடந்தது. சூரன் ஆடி ஆடி வந்து விழுந்தபோது சனம் முழுவதும் கையைத் தலைக்குமேல் தூக்கிக் கத்தியது. அத்தனை கைகளுக்குள்ளும் அவருடைய கையை நான் இலகுவாகக் கண்டுகொண்டேன். மற்றக் கைகள் கும்பிட்டபடி அசையாமல் நிற்க, அந்த ஒன்று மட்டும் கறுப்புப் பட்டியோடு விடாமல் ஆடிக்கொண்டிருந்தது. அவர் அழுதுகொண்டு நின்றார். பக்தியில் அழுகிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் பாறணை, விரதம் முடித்துச் சாப்பிடுகிற நாள். மரக்கறி எல்லாம் போட்டுச் சமைத்தேன். அன்று காலையில்தான் என் ரிப்போட்டும் கைக்கு வந்தது. ஒன்றுமில்லை, வெறும் கொழுப்புக்கட்டி. இலையில் சோறு போட்டுக்கொண்டே சொன்னேன். திரும்ப வாசிக்கச் சொன்னார். இங்கிலீசில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். மற்றொருமுறையும் சொல்லச் சொன்னார். அதற்குப் பிறகு சாப்பிட்டார் பாருங்கள், அப்படி அவர் சாப்பிட்டு நான் கண்டு எத்தனையோ காலம். நானே பிசைந்து கொடுக்கவேண்டியிருந்தது. வாய் நிறையச் சிரித்துக்கொண்டு சாப்பிட்டார்.

அன்று விடியவே கருவியைக் கழற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். மழைக்காலம் முடியுமுன் முடிவு சொல்லக் கூப்பிட்டார்கள்.

பெரிய டொக்டர் இங்கிலீசில் கதைத்தார். நான்தான் இவருக்குத் தமிழில் சொல்லவேண்டும். மேசையில் ஒரு வரைபை விரித்தார். குறுக்கே நாட்கள், நெடுக்கே நடுக்கத்தின் அளவு. இவர் பெருவிரல் வைத்த ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு சிவப்புக் கோடு. குளிசை வேலை செய்தால் சிவப்புக் கோட்டுக்குப் பிறகு வளைகோடு இறங்கவேண்டும். வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளுக்கு வரைபு வாசிக்கப் படிப்பித்தவள் நான். எனக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஒரு இடத்திலும் இறங்கவில்லை. ஒவ்வொரு சிவப்புக் கோட்டையும் அது சட்டை செய்யாமல் தாண்டிப் போயிருந்தது.

"முந்தி குளிசைக்கு அடங்கினதே டொக்டர், இப்பவும் இடைக்கிடை அடங்குதே," என்று நான் இங்கிலீசில் வாதாடினேன்.

இது பார்க்கின்சன் மாதிரித் தோன்றுகிற வேறொரு வருத்தம், தொடக்கத்தில் கொஞ்சம் குளிசைக்குக் கேட்டுவிட்டுப் பிறகு கேட்காமல் விடும் என்றார் அவர். சத்திரசிகிச்சை சரிவராது. வேலை செய்யாத குளிசையை வீணாகக் கொடுத்து மனக்குழப்பத்தை உண்டாக்குவதில் பயனில்லை, மெதுமெதுவாகக் குறைத்து நிறுத்துவோம். அந்த மனிசனைக் குறைசொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அந்த வரைபை என்னிடம் தந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

நான் திரும்பி இவரிடம் சொன்னேன். "குளிசை உங்களுக்கு வேலை செய்யேல்லையாம். ஒப்பரேசனும் இல்லையாம்."

இவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்ததுபோல இருந்தது. பிறகு, "சரி," என்றார்.

குளிசையைக் குறைக்கக் குறைக்க மனிசன் மரமாகிக்கொண்டு வந்தார். கதவு நிலையில் கால் ஒட்டிக்கொள்ளும், எடுத்துவைக்க வராது. முகத்தில் சிரிப்பு இல்லாமல் போயிற்று. கிளினிக்கில் சொன்னால், இந்த வகை வருத்தம் விரைவாகத்தான் கூடும் என்றார்கள். பிழையான கணக்கின் விடை அடுத்த கணக்கோடு பொருந்திப் போனால் பிறகு பிழையைப் பிடிப்பது கஷ்டம். பள்ளிக்கூடத்தில் நான் எத்தனைமுறை கண்டிருக்கிறேன்.

பங்குனி வெய்யிலில் ஒருநாள் கிணற்றடியில் விழுந்தார். கிணற்றுக் கட்டில் மண்டை அடிபட்டது. அன்று எழும்பி வந்துவிட்டார். பிறகொரு நாள் பேச்சுக் குழறி, ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டால், தலைக்குள் இரத்தம் கசிந்து உறைந்திருக்கிறது என்று மண்டையைத் துளைத்து எடுத்தார்கள். ஒப்பரேசனுக்காகத் துளைக்கமாட்டோம் என்ற மண்டையை இதற்காகத் துளைத்தார்கள் என்று நான் வாட்டு வாசலில் நின்று யாரோ ஒரு முன்பின் தெரியாத பெண்ணிடம் சொன்னேன். அவ்வளவு ஆத்திரம் எனக்கு.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அவரால் கட்டிலிலிருந்து தானாக எழும்ப முடியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்சேரும். கோவிக்கக்கூடாது. விளக்கை ஒருக்கா ஏத்திவிடுமன். கன நாளா இருட்டாக் கிடக்கு."

"நானோ?"

"வேறை ஆர் இருக்கினம்?"

நீலக் கதவைத் தள்ளினேன். எண்ணெய்யும் கற்பூரமும் பழைய பூவும் கலந்த மணம். ஒட்டடை. யன்னலைத் திறந்துவிட்டு, நெருப்புப்பெட்டியைத் தேடிக்கொண்டு முருகன் படத்துக்குக் கீழே கையால் துழாவினேன். ஒரு பித்தளைத் தட்டத்தில் காய்ந்துபோன செவ்வரத்தம்பூக் குவிந்து கிடந்தது. அள்ளி வீசுவோம் என்று பூவை எடுத்தேன். அதற்குக் கீழே குளிசைகள் கிடந்தன. ஈரத்தில் ஊறி, ஒன்றோடொன்று ஒட்டி, மஞ்சளாகிப்போன குளிசைகள். தட்டம் நிறைய. என் புத்தி கணக்குப் போடவேண்டிய தேவையே இருக்கவில்லை. ஆறு நாள் குளிசை முழுவதும் முருகனுக்கு முன்னால் அப்படியே இருந்தது.

தட்டத்தைக் கொண்டுபோய் அவருடைய நெஞ்சுக்கு நேரே பிடித்தேன்.

"உது என்ன?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "படைச்சனான்."

"குளிசையையோ? ஆரும் சாமிக்குக் குளிசை படைப்பினமோ?"

"சாப்பாட்டை விட்டன். அது ஆரும் விடுவினம். எனக்குப் பெறுமதியானது உதுதானே."

"அப்ப ஏன் அந்த மணிக்கூட்டிலை விரலை வைச்சனியள்? போட்டதெண்டு அது எழுதிப்போட்டுதே!"

"அந்தப் பிள்ளை வையெண்டு சொன்னது. வைக்காட்டித் திரும்பத் திரும்ப அதிருமெண்டு பயம். சாமிக்கு முன்னாலை நிண்டு கண்ணை மூடேக்கை உது கிறுகிறெண்டா எப்பிடி?"

எனக்குச் சிரிப்பு வந்தது. வாழ்க்கையில் அதைப்போலக் கேவலமான ஒரு சிரிப்பு நான் சிரித்ததில்லை. பிறகு கத்தினேன். என்ன நேர்த்திக்கடன், எதற்கு, டொக்டர் முடிவு சொன்ன அன்று வாயைத் திறந்திருக்கலாமே, நான் பக்கத்தில்தானே இருந்தேன் என்று கத்தினேன். "சொல்லேலாது," என்றார். அதற்குமேல் அன்று ஒரு சொல் வாங்கமுடியவில்லை. தட்டத்தைக் கொண்டுபோய் வாழையடியில் கொட்டிவிட்டு, திரும்பிப் போய் விளக்கை ஏற்றினேன். ஏற்றவேண்டியதை ஏற்றத்தானே வேண்டும்.

கிளினிக்கில் நான் இதைச் சொன்னபோது அந்தப் பிள்ளை அழுதுவிட்டாள். பெரிய டொக்டர் அடுத்தமுறை வந்தபோது இவரை வெறும் வயிற்றில் கொண்டுவரச் சொன்னார். சில்லு வைத்த கதிரையில் தள்ளிக்கொண்டு போனேன். அதே மாதிரிக் கருவியை அதே கையில் கட்டினார்கள். ஒரு குளிசையைத் தண்ணீரில் கரைத்து, டொக்டர் பார்த்துக்கொண்டு நிற்க, நான் பருக்கினேன். காத்திருந்தோம்.

அந்த இடைவெளியில் அந்தப் பிள்ளை வாங்கில் இருந்த மற்றக் கிழவர்களுக்குக் கருவி கட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொருவரிடமும், "ஐயா, இந்தக் கிழமை விரதம் ஏதும் பிடிக்கிறியளோ? நேர்த்தி ஏதும் இருக்கோ?" என்று கேட்டாள். எங்களாலே வந்த கேள்வி அது. ஒரு கிழவர், "ஓம் பிள்ளை, வெள்ளிக்கிழமை," என்றார். "அப்ப அடுத்த கிழமை கட்டுவம்," என்றாள். அவ்வளவு சின்ன விஷயம்.

என் கணவரின் கை அடங்கியது. முதலில் முழங்கை, பிறகு மணிக்கட்டு, கடைசியில் பெருவிரல். முகத்தில் இருந்த மரத்தனம் கரைந்தது. கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். விறாந்தையில் நடந்தார், திரும்பினார், திரும்பி வந்தார். கம்ப்யூட்டரில் வளைகோடு வாய்க்காலில் தண்ணீர் இறங்குகிறமாதிரி இறங்கிக் கிடந்தது. அப்படியொரு வடிவான இறக்கத்தை நான் கரும்பலகையில் கீறிக் காட்டியதில்லை.

"குளிசையைத் திரும்பத் தொடங்குவோம்," என்றார் டொக்டர். நான் ஒப்பரேசனைக் கேட்டேன். அவர் தலைப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரத்தம் கசிந்த தலை, இனி அதில் கம்பி வைக்கமுடியாது என்றார். பிறகு தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். எப்போதும் வைக்கமுடியாதா என்று கேட்டேன். எப்போதும் முடியாது என்றார்.

நான் தமிழில் சொன்னேன். இவர் தலையை ஆட்டினார்.

வெளியே ஒரு தேத்தண்ணிக் கடை. ஓட்டோ வரும்வரை இருந்தோம். நான் இவருக்குக் கோப்பையில் பாதிதான் விடச் சொல்வது வழக்கம். அன்று கடைக்காரன் விளிம்பு முட்ட விட்டுவிட்டான். இவர் அதை வலது கையால் தூக்கி, ஒரு சொட்டும் சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோனார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கை இப்படியே எங்களிடம் இருந்திருக்கவேண்டியது.

"இனிச் சொல்லலாம்," என்றார் அவர்.

"என்னத்தை?"

"நேர்த்தியை. ஒப்பரேசன் இனி எப்பவும் இல்லையெண்டிட்டார்தானே. இனி ஒண்டும் மாறாது." கோப்பையைக் கீழே வைத்தார். "உம்மடை ரிப்போட் நல்லா வரவேணுமெண்டுதான். என்ரை கையை எடுத்துக்கொள், அவளை விட்டிடு எண்டு கேட்டனான்."

நான் கத்தினேன். கடையில் இருந்த ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அது கொழுப்புக்கட்டி! நீங்கள் பட்டினி கிடக்கமுன்னமும் அது கொழுப்புக்கட்டிதான்! ஊசி குத்தின அண்டைக்கும் அது கொழுப்புக்கட்டிதான்!"

"இப்ப அப்பிடிச் சொல்லுறீர். அப்ப கிணத்தடியிலை மோட்டரைப் போட்டிட்டு நிண்டு அழுதனீர்."

மோட்டர்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆரவாரம் செய்யவில்லை என்று முதலில் எழுதினேன். அழுதேன், உண்மைதான்.

"டொக்டர் குளிசை வேலை செய்யேல்லை எண்டு சொன்ன அண்டைக்காவது சொல்லியிருக்கலாமே," என்றேன். குரல் இறங்கிவிட்டது.

"ரிப்போட் நல்லா வந்திட்டுது. பிறகு போய்க் குடுத்ததைத் திருப்பிக் கேக்கிறதோ? முருகன் உம்மடையைத் திருப்பிக் கேட்டா?"

இவருக்கும் அவருடைய முருகனுக்கும் இடையில் நடந்த பேரத்தில் நான்தான் பண்டம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அதோடை," என்று ஓட்டோவில் ஏறும்போது சொன்னார், "எனக்கு ஏலாமப் போனா நீர் பாப்பீர். உமக்கு ஏதும் நடந்தா என்னை ஆர் பாக்கிறது?" சொல்லிவிட்டுச் சிரித்தார். குளிசை உள்ளே இருந்தபடியால் அவரால் சிரிக்க முடிந்தது. கோப்பாய்ச் சந்தி தாண்டும்போது பெருவிரல் மெல்ல உரசத் தொடங்கியது. வீட்டுப் படலைக்குள் போகும்போது முழுக் கையும் ஆடியது.

இப்போது குளிசைதான் துணை. அதன் வேலை இன்னும் குறுகிக்கொண்டு வருகிறது. விழுங்குவதும் கஷ்டமாகிவிட்டது. நான் அதைப் பொடியாக்கி வாழைப்பழத்தில் குழைத்துக் கொடுக்கிறேன். விளக்கு வைப்பதும் நான்தான். அவருடைய முருகனோடு எனக்கு இன்னும் கதை பேச்சு இல்லை, திரியைத் தூண்டிவிட்டு வந்துவிடுவேன்.

இந்த வருடச் சஷ்டியும் வந்தது. முதல் நாள் காலையில் குளிசைக் கரண்டியை நீட்டினேன். அவர் வாயைத் திறக்காமல் நீலக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கரண்டியை எடுக்காமல் நின்றேன். நெடுநேரத்துக்குப் பிறகு வாங்கினார். தொண்டை ஏறி இறங்கியது. அப்போதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

"ஆக் காட்டுங்கோ," என்றேன். "நாக்கைத் தூக்குங்கோ."

அவர் நாக்கைத் தூக்கிக் காட்டினார். அடியில் ஒன்றும் இருக்கவில்லை.